அரிப்பில் அல்லிராணி கோட்டையைத் தேடிப் போன நாள்

கடந்த ஆண்டு ஆடி மாதத்தில், சோளகக் காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருந்த ஒரு நாள், நானும் என் மைத்துனரும் வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மடு, முருங்கன் வழியாக மன்னார் மாவட்டக் கடலோர ஊரான அரிப்புக்குப் போனோம். முருங்கனில் தேநீர்க் கடைக்காரர், "இந்த வெயிலுக்கையோ? பின்னேரம் போயிருக்கலாமே தம்பி" என்று கேட்டபோது சிரித்துவிட்டுப் புறப்பட்டோம். அந்தச் சிரிப்பு ஒரு மணித்தியாலம்கூட நிலைக்கவில்லை.

அறுவடை முடிந்து வெறிச்சோடிக் கிடந்த வயல்கள் கடந்ததும் உடைமரமும் முட்பற்றையும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தன. இலங்கையின் மிக வறண்ட கரைகளுள் இதுவும் ஒன்று. முல்லையும் குறிஞ்சியும் வறண்ட நிலையே பாலை என்று பள்ளியில் படித்ததன் பொருள், தொண்டை காய்ந்த பிறகே எனக்கு முழுதாக விளங்கியது.

முதலில் பார்த்தது அரிப்புக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, பின்னர் ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறிய கோட்டை அது. கண்டி அரசில் 19 ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1679இல் ஒரு தோழருடன் அருவியாற்றங்கரைக் காட்டின் வழியே தப்பி வந்து சேர்ந்த இடம் இதுதான். அருவியாற்றைப் பாலத்தின் மேலிருந்தே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அதன் கரையோடு கால்நடையாக வந்த ஒருவரை எண்ணிப் பார்ப்பது புதிதாக இருந்தது. இடிந்த மதில்களைத் தவிர அங்கு அதிகம் இல்லை.

அல்லிராணி கோட்டை அப்படியன்று. பிரித்தானியரின் முதல் ஆளுநரான பிரெடரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை அது. ஆங்கிலத்தில் அதை 'டொரிக்' என்பார்கள். ஆனால் ஊரில் யாரும் ஆளுநரின் பெயரைச் சொல்வதில்லை. குதிரைமலையில் இருந்து ஆண்டதாகக் கதைகள் சொல்லும் அல்லிராணிக்கே வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கடலோர மண்திட்டின் விளிம்பில் தடித்த செங்கற் சுவர்கள் நிற்கின்றன. சாந்து உதிர்ந்த இடங்களில் செங்கற்களின் விளிம்புகளை உப்புக் காற்று தேன்கூடு போல அரித்திருக்கிறது; உள்ளங்கையை வைத்தால் மாவாகக் கொட்டுகிறது. சற்றே எஞ்சியிருந்த சாந்தில் நகக்கண்ணளவு சிப்பித் துண்டு ஒன்று மினுங்கியது. நிழலுக்காக நான் கடற்பக்கச் சுவரின் கீழ் இருக்கப் போனபோது, வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தூரத்திலிருந்தே கத்தினார்: "அதுக்குக் கீழ இருக்காதேங்கோ தம்பி, மண் இளகிப் போய்க் கிடக்குது!"

கொண்டுபோன தண்ணீர் அதற்குள் முடிந்திருந்தது. பக்கத்தில் கடை எதுவும் இல்லை என்பதால், போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு போத்தலாவது கொண்டு செல்வது நல்லது. பெரியவர்தான் தன் போத்தலை நீட்டினார். சிறுவயதில் கோட்டையின் கடற்பக்கமாகவும் சுற்றி ஓடி விளையாடியதாக அவர் சொன்னார். இப்போது அந்தப் பக்கத்தில் கால் வைக்க நிலமில்லை. அலைக்குள் பாதி மூழ்கிக் கிடந்த செங்கற் பாளம் ஒன்றை மைத்துனர் பாறை என்றே நினைத்திருந்தார். பெரியவர் ஊசியைக் கீழே வைக்காமலேயே அதைச் சுட்டிக் காட்டினார்.

"அது கல்லில்லை, சுவர். நான் ஏறி இருந்த சுவர்."