ஆறுமணிக்குருவி வருவதில்லை. பக்கத்து வளவுக்காரரிடம் எப்படிக் கேட்பது?

வெள்ளவத்தை மகள் (2021 நவம்பர்)

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. மார்ச்சில் முதல் கொரோனா ஊசி போட்டுவிட்டு, ஜப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனெகா வரும்வரை இரண்டாவதுக்காகக் காத்திருந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த மாதங்களில் வாசற்படி தாண்டவே இல்லை. கோயில் இல்லை, சந்தை இல்லை. பாண்கூட, பாட்டுப் போட்டபடி பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ வந்தால் கயிற்றில் பை கட்டி இறக்கித்தான் வாங்குவோம்.

ஓகஸ்ட் 20 இரவு திரும்பவும் ஊரடங்கு போட்டபோது பின்பக்க பல்கனியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். கீழே பக்கத்து வளவு. பழைய வீடு, ஒரு மாமரம், ஒரு ஈரப்பலா, மதிலோரம் வாழை. வீட்டுக்காரர் கண்டியில் மகளிடம் போன இடத்தில் அங்கேயே நின்றுவிட்டார். கூட்ட ஆளில்லாமல் கணுக்கால் மூடும் அளவுக்கு இலை. அம்மா முதலில் காகத்தையும் அணிலையும் பார்த்தார். அப்புறம் என்னுடைய பழைய சி.ஆர். கொப்பியை (தடித்த அட்டைக் கொப்பி) எடுத்து எழுதத் தொடங்கினார். என்ன நேரம், எந்த மரம், என்ன செய்தது. பெயர் தெரியாவிட்டால் "குட்ரூ குட்ரூ என்கிறது, ஆளைக் காணவில்லை" என்று எழுதுவார்.

ஒக்டோபர் முதலாம் திகதி ஊரடங்கை எடுத்தார்கள். காலி நகருக்குப் போகும் பெரிய வீதியின் இரைச்சல் திரும்பி வந்தது. ஒரு கிழமை போயிருக்கும், விடியற்காலையில் இரண்டு சுரத்தில் ஒரு விசில். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி நின்றார். "ஆறுமணிக்குருவி" என்றார். மானிப்பாயில் சின்ன வயதில் அவருடைய அப்பா காட்டிய குருவியாம். 1996 இல் கொழும்புக்கு வந்தபிறகு ஒருநாளும் கேட்டதில்லையாம். அதன்பின் தினமும் காலையும் மாலையும் கூப்பிட்டது. நானும் பார்த்தேன்: பச்சை முதுகு, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு, இலையைப் புரட்டிப் புரட்டிப் புழு எடுக்கிறது.

நவம்பரில் மாகாணம் விட்டு மாகாணம் போகலாம் என்றதும் வீட்டுக்காரர் வந்துவிட்டார். இரண்டு பேரை வைத்து ஒரே நாளில் வளவு முழுவதையும் கூட்டினார். அன்று பின்னேரம் குருவி கூப்பிடவில்லை. பத்து நாளாகிறது. எனக்கும் கிழமையில் மூன்று நாள் அலுவலகம் வரச் சொல்லிவிட்டார்கள். மாலையில் வந்து கொப்பியைப் பார்த்தால் திகதி மட்டும்தான் இருக்கிறது.

குருவி திரும்ப வருமா? வளவு அவருடையது, கூட்டாதீர்கள் என்று எந்த உரிமையில் கேட்பது? சிங்களப் பெரியவர், நல்ல மனிதர். அம்மாவைக் கூட்டம் இல்லாத எங்காவது பறவை பார்க்கக் கூட்டிப் போகவும் ஆசை. கடைத்தெரு என்றாலே இன்னும் பயப்படுகிறார்.

அத்திடிய நடை

தங்கச்சி (எனக்கு 60 தாண்டிவிட்டது, அப்படிக் கூப்பிடலாம்தானே), ஊரடங்கு எடுத்ததால் குருவி போய்விட்டது என்று அம்மா நினைத்தால் அதை மாற்றுங்கள். அது நம்முடைய ஊரடங்குக்காக வந்ததல்ல. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே இறங்குவது. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரையொட்டி வரும், ஏப்ரல் மட்டில் போகும். இரவில் பறந்து களைத்துப்போய் வீடுகளுக்குள்ளேயே விழுவதும் உண்டு. விடியும்போதும் இருளும்போதும்தான் கூப்பிடும். கொழும்பில் இப்போது இரண்டுமே ஏறத்தாழ ஆறு மணி, பெயருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் நிலத்துக் குருவி. இலைக்குப்பைக்குள் இருக்கும் புழுவும் பூச்சியும்தான் சாப்பாடு. கூட்டிய நிலம் அதற்கு வெறும் தட்டு. பக்கத்தில் எங்காவது கூட்டாத வளவுக்கு மாறியிருக்கும், தூரம் போயிருக்காது. ஒரு மூலையில் இலை கிடந்தாலே திரும்ப வர இடமுண்டு.

"குட்ரூ குட்ரூ" குக்குறுவான். ஈரப்பலா உச்சியில் பச்சை இலைக்குள் பச்சையாக இருக்கும், காண்பது கஷ்டம்.

கூட்டிப் போக பெத்தகான ஈரநிலப் பூங்கா நல்லது. ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயின் நடுவில், மரப்பலகை நடைபாதை, முதியவர்களுக்குச் சுகம். 2018 இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்தது இப்படிப்பட்ட இடங்களால்தான். எங்கள் பக்கம் பெல்லன்வில அத்திடிய சரணாலயம் 372 ஹெக்டேயர், 1990 இல் அறிவித்தது. ஆனால் அங்கே சேறு, அம்மாவுக்கு வேண்டாம். பின்னேரம் மழை வரும், காலையில் போங்கள். தொலைநோக்கி வாங்குவதென்றால் எட்டு மடங்கு பெரிதாக்குவதை வாங்குங்கள். பத்து மடங்கில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும்.

கொட்டாஞ்சேனை அக்கா

பெரியவரைக் குறை சொல்லாதீர்கள். மழை தொடங்கிவிட்டது, டெங்குப் பயம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நுளம்புக் குடம்பி கண்டால் வழக்கு. என் மகனுக்கு டெங்கு வந்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் நின்றேன், அதனால் சொல்கிறேன்.

டெங்கு நுளம்புக்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். யோகட் கப், சிரட்டை, பீலி, பாளை, ஈரப்பலாவின் பெரிய குழிந்த இலை, இவைதான் தண்ணீர் பிடிக்கும். மாவிலை தட்டையாகக் கிடக்கும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். அதனால் கிழமைக்கு ஒருமுறை நானே வந்து பார்த்துப் பொறுக்குகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். கூட்டாதீர்கள் என்று வெறுங்கையோடு போய்க் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பம்பலப்பிட்டி 4

எங்கள் ஒழுங்கையிலும் இந்த விசில் கேட்கிறது. இவ்வளவு நாளும் யாரோ பையன் என்று நினைத்தேன். நன்றி.

வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை அம்மாவின் கொப்பியோடு போனேன். சிங்களத்தில் குருவியின் பெயர் தெரியாமல் விசிலடித்துக் காட்டினேன். "அவிச்சியா!" என்றார். மயில் இதன் உடுப்பைத் திருடிக்கொண்டதாம், அடுத்த புத்தர் வரும்போது முறையிடுவேன் என்று கத்துகிறதாம், பாட்டி சொன்ன கதையாம். கொப்பியைப் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். தமிழ் வாசிக்க வராது, ஆனால் நேரங்களை விரல் வைத்துப் பார்த்தார். டெங்கு விஷயத்தை அக்கா சொன்னபடியே சொன்னேன். மாமரத்தடி மூலையை விட்டுவிடுகிறேன், ஈரப்பலா இலையை மட்டும் நீங்கள் எடுக்க வேண்டும் என்றார். மதிலோரம் இன்னும் இரண்டு சாக்கு இலை இருந்தது. அதையும் அங்கேயே கொட்டச் சொன்னார்.

ஞாயிறு காலை பெத்தகான போனோம். அம்மா இரண்டு மாஸ்க் போட்டு, என் கையை விடாமல் நடந்தார். நீலத் தாழைக்கோழி ஒன்று நாணலுக்குள் குஞ்சோடு நின்றது. கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். ஒரு மணித்தியாலம் நின்றோம்.

மாமரத்தடிக்குக் குருவி இன்னும் வரவில்லை. ஆனால் இன்று விடிய 5.50 க்கு ஒழுங்கைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. இரண்டு தரம். அம்மா கதிரையைக் குசினி ஜன்னலுக்கு மாற்றியிருக்கிறார்.