ஸ்நூக்கர் ஸ்டிக்கில் பூல் ஆடலாமா? பித்தளை ஃபெருல் தகராறு

கேட்டவர்: கிருஷ்ணகிரி_எட்டுப்பந்து

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் பூல் பார்லரில் 8-பால் (மேசையில் ஸ்டிக்கால் பந்துகளைக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்தில் ஒரு வகை) போட்டி வைக்கிறார்கள். ஓசூரில் வேலை பார்த்தபோது ஸ்நூக்கர் பழகியவன் நான். சொந்தமாக இருப்பது ஒரே ஸ்டிக்: ஆஷ் மரம், 57 அங்குலம், பந்தைத் தொடும் நுனியில் 9.5 மி.மீ. டிப், அதற்குப் பின்னால் பித்தளை ஃபெருல், அதாவது பூண். "பித்தளை போட்டது பூலில் செல்லாது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் ஜம்ப் கியூ (வெள்ளைப் பந்தை எம்ப வைப்பதற்கென்றே உள்ள ஸ்டிக்) வாங்கி வைத்திருக்கிறார், அதுவும் சர்ச்சை. போதாததற்கு, மேசைக்குப் பக்கத்தில் ஒரு தூண். அங்கே நின்று அடிக்க 36 அங்குலக் குட்டை ஸ்டிக் ஒன்று மாட்டியிருக்கிறது. இதிலெல்லாம் விதி என்ன?

பதில்: தருமபுரி_நாலுரோடு

இங்கே யாரும் ஸ்டிக்கை அளந்து பார்ப்பதில்லை. ஆனால் வெள்ளைப் பந்து இன்னொரு பந்தைத் தாண்டிக் குதிக்கும்படி அடித்தால் ஃபவுல். அது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பதில்: ஓசூர்_டிப்கடை

தம்பி, உங்கள் ஸ்டிக் தாராளமாகச் செல்லும். உலக பூல் அமைப்பான டபிள்யூ.பி.ஏ.வின் விதியில் உலோக ஃபெருலுக்குத் தடை கிடையாது. அந்த ஃபெருலின் நீளம் 1 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். டிப் அதிகபட்சம் 14 மி.மீ., குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. எடை 25 அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 708 கிராமுக்குள் இருக்க வேண்டும். ஆஷ் ஸ்டிக் அந்தப் பக்கமே போகாது.

ஆனால் தயவுசெய்து அதில் பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் முதல் அடி) அடிக்காதீர்கள். ஸ்நூக்கர் பந்து 52.5 மி.மீ., பூல் பந்து 57.15 மி.மீ.; எடையும் 156 முதல் 170 கிராம் வரை. மெல்லிய முனையால் அதை முழு வேகத்தில் அடித்தால் டிப் பிதுங்கிவிடும், ஃபெருலும் ஆட்டம் கண்டுவிடும். நல்ல ஸ்டிக்குகள் இப்படிக் கெட்டு என்னிடம் வருவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒன்றுக்கு மேல் ஸ்டிக் வைத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. பார்லர் ஸ்டிக்கில் பிரேக் அடியுங்கள், மீதியை உங்களுடையதில் ஆடுங்கள்.

நாலுரோடு நண்பர் சொல்வது ஸ்நூக்கர் விதி. பூலில், ஸ்டிக்கின் பின்பக்கத்தை உயர்த்தி வெள்ளைப் பந்தை மேலிருந்து அடித்து எம்ப வைத்தால் அது முறையான ஷாட். ஸ்டிக்கைப் பந்தின் அடியில் விட்டுத் தோண்டித் தூக்கினால்தான் ஃபவுல். ஜம்ப் கியூ 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதில் பினாலிக் (ஒருவகைக் கெட்டிப் பிளாஸ்டிக்) போன்ற மிகக் கடினமான டிப் இருந்தால், போட்டிக்குப் போட்டி முடிவு மாறும். நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்தக் குட்டை ஸ்டிக்தான் உண்மையான சிக்கல். ஸ்நூக்கரில் குறைந்தபட்ச நீளம் 3 அடி, எனவே மயிரிழையில் தேறிவிடும். பூலுக்கு 40 அங்குலம் வேண்டும் என்பதால் தேறாது. அதற்காகத் தூணை இடிக்கவா முடியும்? யாரோடு யார் ஆடுவது என்று டிரா போடும் முன்பே ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள்: தூண் பக்கம் மட்டும் பார்லரின் குட்டை ஸ்டிக்கை இருவரும் எடுக்கலாம், அதில் ஜம்ப் கூடாது. காசு கட்டி, பாலக்கோட்டிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பையன்களிடம் பாதி ஆட்டத்தில் புது விதி சொல்வது அநியாயம்.

பதில்: கிருஷ்ணகிரி_எட்டுப்பந்து

ரொம்ப நன்றி அண்ணா. பார்லர்காரரிடம் பேசினேன், எழுதி ஒட்டுகிறேன் என்றார். அப்புறம் ஒன்று: டிப்பில் தேய்க்கும் சாக் கட்டியைச் சொந்தமாகக் கொண்டுபோகலாமா? என்னிடம் நீலம் இருக்கிறது, மேசைத் துணி பச்சை.

பதில்: ஓசூர்_டிப்கடை

கொண்டுபோகலாம், ஆனால் துணியின் நிறத்தோடு ஒத்துப்போக வேண்டும். பச்சைத் துணியில் நீலம் திட்டுத்திட்டாகத் தெரியும். பச்சை சாக்கே வாங்கிவிடுங்கள்.