கோப்ளி காலத்து அமெரிக்க ஓவியர்கள் எங்கே பயின்றார்கள்?

தூரிகை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களாக அமெரிக்க ஓவியத்தின் தொடக்கக் காலத்தைப் பற்றி வாசித்து வருகிறேன். 1738-இல் பாஸ்டனில் பிறந்த ஜான் சிங்கிள்டன் கோப்ளி, 1774-இல் ஐரோப்பாவுக்குப் புறப்படும் வரை ஓர் ஓவியப் பள்ளியின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆயினும் அதற்கு முன்பே, பளபளக்கும் மேசைப் பரப்பில் விழும் கையின் நிழலையும் பட்டுத் துணியின் மடிப்பையும் அவர் வரைந்திருக்கும் நேர்த்தி வியப்பளிக்கிறது. ஆசிரியரும் கலைக்கூடமும் இல்லாத ஊரில் இந்தக் கை எப்படிப் பழகியது? மற்றொரு ஐயமும் உண்டு. 1826-இல் நியூயார்க் நகரில் ஒரே நேரத்தில் இரண்டு கலை அகாதெமிகள் இயங்கியிருக்கின்றன. ஓவியம் வாங்குவோரே குறைவாக இருந்த ஊருக்கு இரண்டு எதற்கு? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செப்புத்தகடு:

உங்கள் முதல் கேள்விக்கான விடை கோப்ளியின் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவருடைய தாயார் 1748-இல் பீட்டர் பெலம் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். லண்டனில் தொழில் கற்றுப் பாஸ்டனில் குடியேறிய பெலம், 1728-இல் காட்டன் மாதர் என்ற மதகுருவின் உருவத்தை மெசோடின்ட் என்ற செப்புத் தகட்டு அச்சு முறையில் அச்சிட்டவர். அமெரிக்காவில் அந்த முறையில் வெளிவந்த முதல் படம் அதுவே. மாற்றாந்தந்தையின் பட்டறையில் கிடந்த தகடுகளும், ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப் படங்களுமே அந்தச் சிறுவனுக்குப் பள்ளியாக அமைந்தன.

பெலம் 1751-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, பதினைந்து வயதுக் கோப்ளி செய்த ஒரு காரியத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. வில்லியம் கூப்பர் என்ற மதகுருவுக்காகப் பெலம் செய்திருந்த பழைய தகட்டை எடுத்து, அதிலிருந்த முகத்தை மட்டும் தேய்த்து நீக்கிவிட்டு, அவ்விடத்தில் வில்லியம் வெல்ஸ்டீட் என்ற மற்றொரு மதகுருவின் முகத்தை உருவாக்கினார். கல்லூரியில் இந்த முறையை ஓரளவு பழகியவன் என்பதால் சொல்கிறேன், இது விளையாட்டு வேலை அன்று. மெசோடின்ட்டில் முதலில் தகடு முழுவதையும் பல்லுள்ள கருவியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். அப்படியே மை தடவி அச்சிட்டால் தாள் முழுவதும் வெல்வெட் போன்ற கறுப்பாகவே வரும். எங்கெல்லாம் வெளிச்சம் வேண்டுமோ அங்கெல்லாம் அந்தச் சொரசொரப்பைச் சுரண்டியும் தேய்த்தும் வழுவழுப்பாக்க வேண்டும். இருளிலிருந்து ஒளியைச் சிறிது சிறிதாகக் கொண்டுவரும் இந்தப் பழக்கம் ஒருவனுக்குப் பதினைந்து வயதில் கைவந்துவிட்டால், நீங்கள் வியந்த அந்த நிழல்கள் எங்கிருந்து வந்தன என்று தனியே தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அச்சுப் படங்களைப் பார்த்துக் கற்றதால் ஒரு குறையும் சேர்ந்தே வந்தது. பறக்கும் அணிலுடன் ஒரு சிறுவன் அமர்ந்திருக்கும் அவருடைய ஓவியம் 1766-இல் லண்டன் கண்காட்சிக்குச் சென்றபோது ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் அதை மனமாரப் பாராட்டினார். எனினும் கோடுகள் மிகுந்துவிட்டன என்று லண்டனில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் பெஞ்சமின் வெஸ்ட் கடிதம் எழுதினார். வண்ணத்தில் தீட்டிய பெரிய ஐரோப்பிய ஓவியங்களை நேரில் பார்க்கும் வாய்ப்பில்லாமல், கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வழியே ஐரோப்பாவை அறிந்தவரிடம் கோடு மிகுந்திருப்பதில் வியப்பில்லை.

இத்துடன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1770 மார்ச் 5 அன்று பாஸ்டனில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் உயிரிழந்தனர். பாஸ்டன் வெள்ளிக் கொல்லர் பால் ரெவியர் வெளியிட்ட புகழ்பெற்ற செப்புத் தகட்டுப் படம் அதைக் காட்டுவது. அதன் மூல வரைவு கோப்ளியின் தாயாருக்குப் பெலம் வழியே பிறந்த தம்பி ஹென்றி பெலமுடையது. கேட்காமல் அதை எடுத்துக்கொண்டது தன்னை வழிமறித்துக் கொள்ளையடித்ததற்கு ஒப்பான செயல் என்று ஹென்றி ரெவியருக்கே கடிதம் எழுதினார். படத்தை வரைந்தவனுக்குப் பாதுகாப்போ, முறையிட ஒரு சங்கமோ இல்லாத நிலையை அந்தக் கடிதம் காட்டுகிறது.

பழம்படம்:

அந்தச் சங்கத்தை உருவாக்கும் முயற்சிகள் பிலடெல்பியாவில்தான் தொடங்கின. ஓவியர் சார்லஸ் வில்சன் பீல் 1794-இல் கொலம்பியானம் என்ற அமைப்பை ஏற்படுத்த முன்நின்றார். 1795-இல் அது நடத்திய கண்காட்சிக்காகத் தம் இரண்டு மகன்கள் மாடிப்படியில் ஏறுவதுபோல் ஆளுயரத்தில் வரைந்து, அந்த ஓவியத்தை உண்மையான கதவு நிலைக்குள் பொருத்தி, அடியில் மரத்தால் ஒரு படியையும் வைத்தார். ஓவியம் நிலைத்துவிட்டது, அமைப்பு நிலைக்கவில்லை. 1805-இல் அவரும் சிற்பி வில்லியம் ரஷ்ஷும் நகரத்து வழக்கறிஞர்களோடும் வணிகர்களோடும் சேர்ந்து நிறுவிய பென்சில்வேனியா நுண்கலை அகாதெமி இன்றும் இயங்கி வருகிறது.

நியூயார்க்கில் இரண்டு இருந்ததற்குக் காரணம் ஒரு பூட்டிய கதவு என்று சொன்னால் மிகையாகாது. 1802-இல் தொடங்கிய அமெரிக்க நுண்கலை அகாதெமி பெரும்பாலும் செல்வந்தர்களின் பணத்தாலும் நிர்வாகத்தாலும் நடந்தது. பாரிசிலிருந்து தருவித்த பண்டைச் சிலைகளின் பிளாஸ்டர் பிரதிகள் அங்கே இருந்தன. காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை மாணவர்கள் அவற்றைப் பார்த்து வரையலாம் என்று அனுமதித்திருந்தார்கள். விடிந்தும் விடியாத வேளையில் பலகையும் கரிக்கோலும் சுமந்து வந்தவர்கள் கதவு திறக்காமல் திரும்பிய நாட்கள் பல. இது குறித்து முறையிட்டபோது, இரந்து பெறுகிறவர்கள் விருப்பம்போல் கேட்க முடியாது என்ற பொருளில் விடையிறுத்தார் அதன் தலைவரான ஓவியர் ஜான் ட்ரம்புல். இந்த ஒரு சொல்லே இளைஞர்களைப் பிரித்துவிட்டது.

1825 நவம்பரில் ஓவியர் சாமுவேல் மோர்ஸ் தலைமையில் அவர்கள் தனி வரைதல் சங்கம் அமைத்து, மாலைகளில் விளக்கொளியில் கூடி வரைந்தார்கள். அதுவே 1826 தொடக்கத்தில் தேசிய வடிவமைப்பு அகாதெமி ஆயிற்று. நிர்வாகம் கலைஞர்கள் கையிலேயே இருக்க வேண்டும், உயிரோடிருக்கும் கலைஞர்களின் புதிய படைப்புகளையே காட்ட வேண்டும் என்பவை அதன் விதிகள். பின்னாளில் தந்தியால் உலகப்புகழ் பெற்ற அதே மோர்ஸ்தான் அதன் முதல் தலைவர்.

தூரிகை:

இருவருக்கும் மிக்க நன்றி. பூட்டிய கதவைப் பற்றிப் படித்தபோது அந்த மாணவர்களில் ஒருவனாக நானும் நின்றதுபோல் இருந்தது. அகாதெமி கலைஞர்களுக்குப் பயன்பட்டது புரிகிறது. நகரத்துக்கு வெளியே இருந்த சாதாரண மனிதர் ஓவியத்தை எங்கே கண்டார்?

தாள்வாசி:

பெரும்பாலும் அச்சில்தான். அமெரிக்கக் கலை ஒன்றியம் என்று பிற்பாடு பெயர் பெற்ற அமைப்பு 1839-இல் தொடங்கியது. ஆண்டுச் சந்தா ஐந்து டாலர். சந்தா கட்டிய ஒவ்வொருவருக்கும் அமெரிக்க ஓவியம் ஒன்றின் அச்சுப் படம் கிடைக்கும். ஆண்டிறுதியில் குலுக்கல் நடத்தி, அசல் ஓவியங்களைச் சந்தாதாரர்களிடையே பகிர்ந்தளிப்பார்கள். 1849-இல் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ 19,000-ஐ எட்டியது. இந்தக் குலுக்கல் சட்டவிரோத லாட்டரி என்று 1852-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் ஒன்றியம் முடிவுக்கு வந்தது. எந்த அகாதெமியும் தொடாத வீடுகளை அது தொட்டது என்பதால், அதன் மறைவை நான் ஓர் இழப்பாகவே கருதுகிறேன்.

பழம்படம் அவர்கள் எழுதியதை மறுக்கவில்லை. ஆனால் ட்ரம்புல்லைப் பற்றி அது முழுச் சித்திரம் ஆகாது. வரைதல் சங்கம் பிரிந்த அதே 1825-இல், பெயர் தெரியாத தாமஸ் கோல் என்ற இளைஞரின் நிலக்காட்சி ஓவியத்தைக் கடையொன்றில் கண்டு வாங்கியவரும், நண்பர்களிடம் சொல்லி மேலும் இரண்டை வாங்க வைத்தவரும் அவரே. வாங்கிய நண்பர்களுள் ஆஷர் டுராண்ட் ஒருவர். ட்ரம்புல்லின் சுதந்திரப் பிரகடன ஓவியத்தை மூன்று ஆண்டுகள் உழைத்துச் செப்புத் தகட்டில் செதுக்கி, 1823-இல் முடித்துக் கொடுத்தவர் இவர்தான். மூல ஓவியத்தின் பெரிய வடிவம் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் 12 அடி உயரமும் 18 அடி அகலமுமாகத் தொங்குகிறது; அங்கே போக முடியாதவர்கள் அதை டுராண்டின் உளி வழியாகவே அறிந்தார்கள். அந்த டுராண்ட், பிரிந்துபோன இளைஞர்களோடு சேர்ந்து தேசிய அகாதெமியைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். பின்னர் உளியை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்து, மோர்ஸுக்குப் பிறகு 1845-இல் அதன் தலைவர் பொறுப்பையும் ஏற்றார்.