‘ஸ்விகாட்டோ’ பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை: 47 வயதில் டெலிவரி, வீட்டில் மனைவியின் வேலை

அம்பத்தூர்_47 (கேள்வி)

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் (தகட்டை அழுத்தி பாகங்கள் செய்யும் பட்டறை) 21 வருஷம் வேலை பார்த்தேன். கடைசி எட்டு வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆடி மாதம் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஐந்து இடத்தில் இன்டர்வியூ போனேன். ஒரு இடத்தில், “உங்க மேனேஜருக்கு 31 வயசு, பரவாயில்லையா?” என்றார்கள். பரவாயில்லை என்றேன். அதோடு சரி, போன் வரவில்லை. இப்போது நாலு மாதமாக உணவு டெலிவரி.

போன ஞாயிறு மகள் ‘ஸ்விகாட்டோ’ படத்தைப் போட்டாள். நந்திதா தாஸ் இயக்கி 2023 மார்ச்சில் வந்த இந்திப் படம், கதை நடப்பது புவனேஸ்வரில். கபில் சர்மா நடித்த மானஸ், ஃபேக்டரியில் ஃப்ளோர் மேனேஜராக இருந்தவன். வேலை போய் டெலிவரிக்கு வருகிறான். வாடிக்கையாளர் போடும் ஸ்டாருக்காகவும், ஆர்டர் கணக்கை முடித்தால் வரும் இன்சென்டிவுக்காகவும் அவன் ஓடுவது எனக்குப் புதிதில்லை. மிஷின் நின்றால் மெயின்டனன்ஸ் ஆளைக் கூப்பிட்டுச் சண்டை போட்டவன் நான். இங்கே ஆப்பில் நம் ஐடியை நிறுத்தினால் யாரிடம் போய்க் கேட்பது? அதைப் படம் அப்படியே காட்டுகிறது.

என்னை அடித்தது வேறு இடம். அவன் மனைவி பிரதிமா மாலில் துப்புரவு வேலைக்குப் போக நினைக்கும்போது அவனுக்குப் பொறுக்கவில்லை. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரம் முன்னால் அவளும் கேட்டாள். துணி எக்ஸ்போர்ட் யூனிட்டில் செக்கிங் வேலை, 11,000 சம்பளம். “நான் இன்னும் சாகலை” என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை எப்படித் திரும்ப வாங்குவது? இதே வயதில் இதைத் தாண்டி வந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கோவை_ஸ்பின்னிங்

அண்ணா, நான் மில்லில் இருந்து வந்தவன், மூன்று வருஷம் டெலிவரி ஓட்டினேன். முதலில் ஒரு நோட்டு போடுங்கள். ஆப் காட்டுகிற தொகையை நம்பாதீர்கள். எனக்கு ஒரு நாள் 950 காட்டும். பெட்ரோல் 260 போச்சு. டயர், செயின், ஆயில், சர்வீஸ் எல்லாம் நாள் கணக்கில் பிரித்துப் போட்டால் இன்னும் 90. பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கையில் 600. இதை எழுதிப் பார்க்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது, ஏனென்றால் பார்க்கப் பயம்.

இன்னொன்று. நான் விழுந்தது ராத்திரி பதினொன்றேகாலுக்கு. இன்சென்டிவுக்கு இரண்டு ஆர்டர் பாக்கி, மழை. காலர் எலும்பு உடைந்து ஏழு வாரம் படுத்தேன். அந்த இன்சென்டிவ் 120 ரூபாய். மழை நாளில் கடைசி இரண்டு ஆர்டரை விட்டுவிடுங்கள் அண்ணா, கெஞ்சிக் கேட்கிறேன்.

வேலூர்_அம்மா

நான் உங்கள் மனைவி இடத்தில் இருந்தவள். வேலை போனதை என் வீட்டுக்காரர் ஒரு மாதம் சொல்லவே இல்லை. தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்புவார். இருபது வருஷமாக எச்சில் பாக்ஸை அப்படியே சிங்கில் போடுகிறவர், திடீரென்று கழுவிக் கொண்டுவர ஆரம்பித்தார். அதில்தான் பிடித்தேன். கோட்டைப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்டு, அங்கேயே குழாயில் கழுவியிருக்கிறார். எனக்குக் கோபம் வேலை போனதில் இல்லை, அந்த ஒரு மாதம் அவர் தனியாக உட்கார்ந்திருந்ததில்தான்.

அப்புறம் நான் ஒரு ஸ்கூலில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சம்பளம் 7,500ஐ அலமாரியில் வைத்தேன். இரண்டு நாள் அவர் தொடவில்லை. மூன்றாம் நாள் சிலிண்டர் வந்தபோது அவரே எடுத்துக் கொடுத்தார். நாங்கள் அதைப் பற்றி உட்கார்ந்து பேசவே இல்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்பதற்காக உங்கள் வீட்டில் காத்திருக்க மாட்டார்கள் அண்ணா. “எத்தனை மணிக்கு பஸ்?” என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும்.

சங்கத்து_ஆள்

தோழர், மனசுக் கதையை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைச் சொல்கிறேன். 21 வருஷ சர்வீஸுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) வந்ததா? வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், கம்பெனி மூடினாலும் உண்டு. வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு போடலாம். 10 வருஷம் தாண்டியதால் பி.எஃப். பென்ஷனும் 58 வயதில் வரும், கணக்கில் சேர்ந்த தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள்.

டெலிவரி ஆட்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் தனி நல வாரியம் வந்தது. உடனே பதிவு செய்யுங்கள். 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் வாரிய உறுப்பினர்களுக்குத்தான். மத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது, டெலிவரி ஆப் நிறுவனங்கள் வருட விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும். ஆனால் குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம் இரண்டுக்கும் அதில் இடமில்லை. நம் சண்டை அங்கேதான் பாக்கி.

அம்பத்தூர்_47

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பஸ் நேரம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “8.40” என்றாள். திங்கட்கிழமை சேர்கிறாள். ஸ்டாப் வரை நானே வண்டியில் விடுவேன், லாகின் 9 மணிக்குத்தான்.

தோழர், கிராஜுவிட்டி வரவில்லை. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. பே ஸ்லிப்பும் பி.எஃப். பாஸ்புக்கும் இருக்கின்றன. மனு போட அது போதுமா?