கொலாஜன் பொடி: முகத்துக்கும் முட்டிக்கும் ஒரே பொட்டலமா?

சிப்புட்_வாணி:

வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கேட்கிறேன். எங்கள் லயத்தில் வீடு வீடாக வந்து கொலாஜன் பொடி விற்கிறார்கள். ஒரு பெட்டியில் 15 பொட்டலம், விலை 129 வெள்ளி (ரிங்கிட்). முகச் சுருக்கம் போகும், முட்டித் தேய்மானம் சரியாகும், மூன்று மாதம் குடித்தால் கிளினிக் மாத்திரையே வேண்டாம் என்கிறார்கள்.

அம்மாவுக்கு 54 வயது, மாதவிலக்கு நின்றுவிட்டது. இனிப்புநீர் இருக்கிறது, கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். இன்னும் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறார். படி ஏறும்போதும் குந்தி எழும்போதும் முட்டி வலி.

பெட்டியில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: ஒரு பொட்டலம் 15 கிராம். கொலாஜன் பெப்டைட் (போவின்) 2,500 மி.கி. சர்க்கரை 8 கிராம். வைட்டமின் சி 60 மி.கி. ஹலால் முத்திரை இருக்கிறது. எம்ஏஎல் எண் (மருந்துப் பதிவு எண்) இல்லை. வாங்கலாமா? ஆட்டுக்கால் சூப்பே போதும் என்கிறார் மாமா, அது சரியா?

பாமசி_அண்ணன்:

வாணி, நீங்கள் பெட்டியைப் படித்து எழுதியது நல்லதாகிவிட்டது. விற்பவர் சொல்லாததை அதுவே சொல்லிவிடுகிறது.

கொலாஜன் என்பது தோலிலும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இருக்கும் புரதம். முதலில் போவின். அது மாடு. மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்தது. ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை, மாட்டை முறைப்படி அறுத்திருக்கிறார்கள் என்று பொருள். மாடே இல்லை என்று பொருளல்ல. நம் வீடுகளில் பலர் இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் குடிக்கிறார்கள். மாடு சாப்பிடாத வீடு என்றால் 'இக்கான்' அல்லது 'மரின்' என்று போட்டிருப்பதை எடுங்கள், அது மீன் தோலிலும் செதிலிலும் எடுத்தது. மீன் ஒவ்வாதவருக்கு அதுவும் ஆகாது. கேப்சூல் வடிவில் வந்தால் உள்ளே மீன் கொலாஜன் இருந்தாலும் மேல்கூடு மாட்டு ஜெலட்டினாக இருக்கலாம், அதையும் பார்க்க வேண்டும். 'சைவக் கொலாஜன்' என்று வருவதில் கொலாஜனே கிடையாது. செடியில் கொலாஜன் இல்லை. வைட்டமின் சி, அமினோ அமிலம் போன்றவற்றைக் கலந்து அந்தப் பெயரில் விற்கிறார்கள்.

அடுத்து கணக்கு. 129 வெள்ளியை 15-ஆல் வகுத்தால் பொட்டலம் 8 வெள்ளி 60 சென். அதில் கொலாஜன் 2.5 கிராம்தான், மிச்சம் 12.5 கிராம் சர்க்கரையும் சுவையும் நிறமும். கொலாஜன் ஒரு கிராம் 3 வெள்ளி 44 சென் விழுகிறது. முட்டிக்கான ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்த அளவு நாளுக்கு 10 கிராம். அந்த அளவை இந்தப் பொடியில் எட்ட நாலு பொட்டலம் வேண்டும்: ஒரு நாளைக்கு 34 வெள்ளி 40 சென், கூடவே 32 கிராம் சர்க்கரை. இனிப்புநீர் உள்ளவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது. நாளுக்கு ஒரு பொட்டலம் மட்டும் குடித்தால் முட்டிக்கு அளவு போதாது.

எம்ஏஎல் எண் இல்லாததால் போலி என்று சொல்லிவிட முடியாது. கொலாஜன் பானங்கள் பல இங்கே உணவாகத்தான் விற்பனைக்கு வருகின்றன, உணவுக்கு அந்த எண் தேவையில்லை. ஆனால் உணவாக விற்கிற பொருளை நோய் தீர்க்கும் என்று சொல்லி விற்க நம் நாட்டு உணவுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 'தேய்மானம் சரியாகும்' என்ற பேச்சு அந்த எல்லையைத் தாண்டியது. மாத்திரை, கேப்சூல் வடிவில் மருந்துபோல விற்றால் எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் எழுத்தும் இருக்க வேண்டும். துணைச்சத்துக்கு கடைசி எழுத்து என், பாரம்பரிய மருந்துக்கு டி. மருந்துப் பதிவைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ-வின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் வரும். பெட்டியில் உள்ள பெயரும் அங்கே வரும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், வேறொரு பொருளின் எண்ணை அச்சடிப்பவர்களும் உண்டு.

கிளினிக் மாத்திரையை நிறுத்தச் சொன்னதற்காகவே அவரிடம் எதையும் வாங்காதீர்கள். இனிப்புநீர் மருந்தின் இடத்தில் கொலாஜனை வைக்க எந்த வழியும் இல்லை.

தோலும்_எலும்பும்:

வேலை செய்யுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கொலாஜன் குடித்தால் அது நேரே கன்னத்துக்கோ முட்டிக்கோ போய் உட்காராது. குடலில் அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று அமினோ அமிலம் சேர்ந்த சிறு துண்டுகளாகவும் உடைகிறது. புரோலின், ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஒட்டிய துண்டு உடையாமலே இரத்தத்தில் சேர்வதை அளந்திருக்கிறார்கள். அந்தத் துண்டுகள் தோல் செல்களைத் தூண்டி சொந்தக் கொலாஜனைச் செய்ய வைக்கின்றன என்பதுதான் இதன் பின்னால் உள்ள கருத்து.

தோலுக்கு: 2014-ல் வந்த ஓர் ஆய்வில் 35 முதல் 55 வயதுள்ள 69 பெண்களுக்கு நாளுக்கு 2.5 அல்லது 5 கிராம் என எட்டு வாரம் கொடுத்தார்கள், தோலின் நெகிழ்வு கூடியது. இப்படிப் பல ஆய்வுகள் வந்தன. 2025-ல் 23 ஆய்வுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலும் முன்னேற்றம் தெரிந்தது. மருந்து நிறுவனங்களின் பணம் இல்லாமல் நடந்த ஆய்வுகளை மட்டும் தனியே பிரித்தபோது அந்த முன்னேற்றம் காணாமல் போய்விட்டது. தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தபோதும் அப்படியே. ஆகையால் தோலுக்குச் சிறிது ஈரப்பதம் கூடலாம், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம் என்பது என் கணிப்பு. கன்னத்தில் படர்கிற மங்கு இதனால் போகாது. மங்கு நிறமியால் வருவது, கொலாஜனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைகிறது. அதோடு மரம் வெட்டி முடித்துப் பால் எடுக்கப் போகும் நேரத்தில் வெயில் ஏறிவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர், கொலாஜனை அறுக்கும் நொதிகளைத் தோலிலேயே கிளப்பிவிடுகிறது. முகத்துக்குச் செலவு செய்யும் எண்ணம் இருந்தால் எஸ்பிஎஃப் 30-க்கு மேலுள்ள சன்ஸ்கிரீனும் அகல விளிம்புத் தொப்பியும் முதலில் வரட்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிப் பூச வேண்டும், பொட்டுப் பொட்டாக வைத்தால் அந்த எஸ்பிஎஃப் கிடைக்காது. வியர்வையில் கரைவதால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூச வேண்டும்.

முட்டிக்கு: குருத்தெலும்பில் இருப்பது இரண்டாம் வகைக் கொலாஜன். அதன் அரை ஆயுளை (பாதி கொலாஜன் மாறிப் புதிதாக ஆகும் காலத்தை) அளந்தவர்கள் 100 ஆண்டுக்கும் மேல் என்று கண்டார்கள். தோலில் உள்ளதற்குச் சுமார் 15 ஆண்டு. வளர்ந்தவர் உடம்பு குருத்தெலும்புக் கொலாஜனைப் புதுப்பிப்பதே இல்லை என்னும் அளவுக்கு மெதுவான வேலை அது. மூன்று மாதத்தில் தேய்மானம் மூடிக்கொள்ளும் என்ற பேச்சு அதனால்தான் நம்ப முடியாதது. வலி குறைவது வேறு விஷயம். 2008-ல் 147 விளையாட்டு வீரர்களுக்கு நாளுக்கு 10 கிராம் என 24 வாரம் கொடுத்ததில் மூட்டு வலி ஓரளவு குறைந்தது. இன்னொரு வகை, உடைக்காத இரண்டாம் வகைக் கொலாஜன், கோழி நெஞ்செலும்பின் குருத்திலிருந்து எடுப்பது. அதன் அளவு 40 மில்லிகிராம்தான், ஏனென்றால் அது குடலிலுள்ள எதிர்ப்பு செல்களைப் பழக்கும் வழியில் வேலை செய்வதாகக் கருதுகிறார்கள். 2016-ல் முட்டித் தேய்மானம் உள்ள 191 பேரிடம் 180 நாள் பார்த்ததில் வலி குறைந்தது, அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அதைத் தயாரித்த நிறுவனம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் கொலாஜன் ஹைட்ரோலைசேட் (பொடியில் வரும் உடைத்த கொலாஜன்) மூட்டைக் காக்கும் என்ற உரிமைகோரலை ஏற்கவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு வாங்கிப் பார்க்க நினைத்தால், சர்க்கரையோ சுவையோ கலக்காத மீன் கொலாஜன் பொடி, நாளுக்கு 10 கிராம், மூன்று மாதம். சூட்டில் கெடாது, கோப்பி ஓவிலும் கலக்கலாம். கொலாஜன் உருவாக வைட்டமின் சி வேண்டும், அதற்கு ஒரு கொய்யாவில் பாதி போதும், தனி மாத்திரை தேவையில்லை. தொடங்கும் நாளில் படி ஏறும் வலியைப் பத்துக்கு எத்தனை என்று எழுதி வைத்து, மூன்றாம் மாதம் மறுபடி எழுதுங்கள். இரண்டு புள்ளியாவது குறையவில்லை என்றால் விட்டுவிடலாம்.

சிறுநீரகத்தில் கல் வந்தவர்கள் இதைத் தொட வேண்டாம். ஹைட்ராக்ஸிபுரோலின் உடம்பில் ஆக்சலேட்டாக மாறுகிறது, பெரும்பாலான கல்லுக்கு அதுதான் மூலப்பொருள். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலை செய்பவர்களுக்கு ஏற்கெனவே சிறுநீர் கெட்டியாகத்தான் இருக்கும். இனிப்புநீரால் சிறுநீரகம் பழுதானவர்களும் புரதத்தைக் கூட்டும் முன் கிளினிக்கில் கேட்க வேண்டும்.

சமையல்_சரோஜா:

ஆட்டுக்கால் சூப்பிலும் கொலாஜன் இறங்குகிறது, தோலும் ஜவ்வும் வெந்தால் ஜெலட்டினாகும். எவ்வளவு இறங்கியது என்று பார்க்க, சூப்பை வடிகட்டி பெட்டியில் ஊற்றி இரவு ஐஸ்பெட்டியில், ஐஸ் கட்டாத பகுதியில் வையுங்கள். காலையில் கத்தியால் வெட்டும் அளவுக்கு உறைந்திருந்தால் நன்றாக இறங்கியிருக்கிறது, தண்ணீராகவே இருந்தால் மிளகுத் தண்ணீர்தான் குடித்திருக்கிறோம். குக்கரில் ஒரு மணி நேரமாவது வேக வேண்டும், சாதாரணப் பானையில் மூன்று நாலு மணி. மேலே வெள்ளையாகப் படியும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டு மறுபடி சுட வையுங்கள், உப்பையும் பாதியாகக் குறையுங்கள். ஒரு கிண்ணத்தில் எத்தனை கிராம் என்று யாராலும் சொல்ல முடியாது, ஒவ்வொரு பானைக்கும் மாறும். உணவாகச் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ணாதீர்கள். கடல்பாசியில் கொலாஜன் கிடையாது, அதை உறைய வைத்துச் சாப்பிட்டால் முட்டிக்கு நல்லது என்று சொல்வது தவறு.

பிசியோ_கமலா:

படி ஏறும்போதும் குந்தி எழும்போதும் வலிக்கிறது என்றால், முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடி, தொடை முன்தசை அதைத் தாங்க முடியாமல் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்தத் தசையை வலுப்படுத்துவதற்கான ஆதாரம் எந்தப் பொடிக்கும் இல்லாத அளவு உறுதியானது.

வாணி, அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேராக்கி முட்டியை இறுக்கி, ஒரு முழம் உயரம் தூக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் பத்து தடவை, ஒரு நாளில் இரண்டு வேளை. மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். ஒரு வாரம் கழித்து, சுவரோடு ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து கையை நெஞ்சில் கட்டி எழுந்து உட்காரும் பயிற்சி, எட்டு தடவை. எழும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது, இரண்டாவது கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். அது உள்ளே விழுவதுதான் பலருக்கு வலி கூடக் காரணம். பயிற்சியில் லேசாக வலிக்கலாம். மறுநாள் காலை வரை வலி நிற்குமானால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. பஞ்சை அமுக்கி விடுவதுபோல, மூட்டு அசையும்போதுதான் அதற்குச் சத்து உள்ளே போகிறது. வலிக்கிறது என்று முட்டியை அசைக்காமல் உட்கார்ந்துவிட்டால் பட்டினி போடுகிறோம். எடை கூடுதலாக இருந்தால் 1 கிலோ குறைந்தாலே ஒவ்வொரு அடியிலும் முட்டியில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைகிறது.

வெட்டு தரையோடு தாழ்ந்துவிட்ட மரங்களில் முழுதாகக் குந்தாமல் ஒரு சின்ன முக்காலி எடுத்துப் போகச் சொல்லுங்கள். பால் வாளியை ஒரு கையில் நிறையத் தூக்குவதற்குப் பதில் இரண்டு கையிலும் பாதி பாதியாக எடுக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி டாக்டரைப் பார்த்து, பிசியோதெரப்பிக்கு எழுதித் தரக் கேளுங்கள். முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, மடக்கியபடியே பூட்டிக்கொண்டாலோ பயிற்சி எதுவும் வேண்டாம், அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

சிப்புட்_வாணி:

எல்லாருக்கும் நன்றி. பெட்டியை வாங்கவில்லை. இன்னொன்று அண்ணே: பக்கத்து வீட்டு அத்தை பசார் மாலாமில் வாங்கிய மூலிகை மாத்திரை சாப்பிடுகிறார், இரண்டே நாளில் முட்டி வலி போய்விட்டதாம். அம்மாவும் கேட்கிறார். அத்தை நாலைந்து மாதமாகச் சாப்பிடுகிறார், அவர் முகம் நன்றாகப் பூரித்திருக்கிறது.

பாமசி_அண்ணன்:

வாணி, அம்மாவுக்கு அதைக் கொடுக்காதீர்கள். இரண்டு நாளில் வலியை அடக்கும் மூலிகை கிடையாது. மூட்டு வலிக்கென்று விற்கும் இந்த மாதிரி மாத்திரைகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தும் கலந்திருப்பதை என்பிஆர்ஏ பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் பூரித்திருப்பது ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஸ்டீராய்டால் முகம் உருண்டுவிடும். பசி கூடும், இனிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், தோல் மெலிந்து லேசாக இடித்தாலே கருநீலமாகும். ஸ்டீராய்டு தோலின் கொலாஜனைக் குறைக்கும் மருந்து.

ஆனால் அத்தையை இன்றே நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், இதுதான் முக்கியம். இவ்வளவு மாதம் சாப்பிட்டதில் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டை நிறுத்தியிருக்கலாம். திடீரென்று விட்டால் தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் விழுதல், மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளைக்கே கிளினிக்குக் கூட்டிப்போங்கள், எவ்வளவு நாளாக, ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்று மறைக்காமல் சொல்லட்டும். மிச்சமிருக்கும் மாத்திரையையும் வெற்று உறையையும் தூக்கி எறியாமல் கையோடு எடுத்துப்போங்கள், என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு அது வேண்டும்.