புதுப்பிப்பு: பேக்கப்பில் உரிமையாளர் மாறும் சிக்கல் தீர்ந்தது

லினக்ஸ் சர்வரில் நாற்பது பேருடைய ஹோம் ஃபோல்டர்களை ஆர்சிங்க் என்ற கருவி மூலம் வேறொரு கணினிக்கு நகலெடுத்தால், அங்கே எல்லாக் கோப்புகளும் பேக்கப் கணக்கின் பெயரிலேயே விழுகின்றன என்று போன வாரம் புலம்பியிருந்தேன்.

தப்பு என்னுடையதுதான். உரிமையாளர், அனுமதி விவரங்களோடு நகலெடுக்கச் சொல்லும் ஆர்க்கைவ் ஆப்ஷன் போதும் என்று நினைத்துவிட்டேன். பெறும் பக்கம் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்காக) ஓடாவிட்டால் உரிமையாளரை மாற்றக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) விடாது. ஆர்சிங்க்கும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் வேலையை முடித்துவிடுகிறது. அதுதான் கடுப்பு!

பேக்கப் கணினியில் ரூட் தர எனக்கு மனமில்லை. அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஃபேக்-சூப்பர் ஆப்ஷனைப் போட்டேன். உண்மையான உரிமையாளர், குழு விவரங்கள் கோப்போடு ஒட்டிய கூடுதல் பண்பாகப் பதிவாகின்றன. பட்டியலில் இன்னும் பேக்கப் கணக்குதான் தெரியும், பயப்பட வேண்டாம். மீட்கும்போதும் அந்தப் பக்கத்துக்கு அதே ஆப்ஷன் வேண்டும். சர்வர் பக்கம் ரூட்டாக ஓட்ட வேண்டும்.

அப்புறம், நியூமெரிக்-ஐடிஸ் ஆப்ஷன்: உரிமையாளரைக் கணக்கின் எண்ணை வைத்தே பதிவு செய்யும். அது இல்லாவிட்டால் ஆர்சிங்க் பெயரைப் பார்த்துப் பொருத்தும். ஒரே பெயருக்கு இரண்டு கணினியிலும் வேறு எண் இருந்தால் குழப்பம்தான். ஏசிஎல் (ஒரு கோப்பில் யார் யாருக்கு என்ன அனுமதி என்ற கூடுதல் பட்டியல்) வைத்திருப்பவர்கள் அதற்கான ஆப்ஷனைத் தனியாகச் சேர்க்கணும், ஆர்க்கைவில் அது வராது.

நேற்று மூன்று பேருடைய ஃபோல்டர்களை மீட்டுப் பார்த்தேன். அவரவர் கோப்பு அவரவர் பெயரில்.