ரியாக்ட் எடிட் ஃபார்ம்: ஏபிஐ டேட்டா வந்த பிறகும் ஃபீல்டு காலி

கேள்வி: வாடிக்கையாளர் விவரம் திருத்தும் ஃபார்ம், ரியாக்ட் 18 (ஜாவாஸ்கிரிப்டில் திரைகள் கட்டும் லைப்ரரி). ப்ராப்பில் (பேரன்ட் காம்பொனென்ட் அனுப்பும் மதிப்பு) வரும் டேட்டாவை யூஸ்ஸ்டேட்டில் (useState, மதிப்பை நினைவில் வைக்கும் ரியாக்ட் ஹூக்) ஆரம்ப மதிப்பாகக் கொடுத்தால் ஃபீல்டு எல்லாம் காலி. யூஸ்எஃபெக்ட் (useEffect, திரை வரையப்பட்ட பிறகு ஓடும் ஹூக்) போட்டு ஸ்டேட்டை மாற்றினால் டேட்டா வருகிறது. ஆனால் ரீஃபெட்ச் (டேட்டாவை மறுபடி எடுப்பது) நடந்தால் பாதி அடித்தது அழிந்துவிடுகிறது. 'அன்கன்ட்ரோல்டு இன்புட் கன்ட்ரோல்டாக மாறுகிறது' என்ற வார்னிங் வேறு (கன்ட்ரோல்டு என்றால் இன்புட்டின் மதிப்பை ரியாக்ட் ஸ்டேட்டே வைத்திருப்பது). சரியான முறை என்ன?

பதில் 1: யூஸ்ஸ்டேட் ஆரம்ப மதிப்பை முதல் ரெண்டரில் (காம்பொனென்ட் முதலில் வரையப்படும்போது) மட்டும்தான் எடுக்கும். அப்போது உங்கள் டேட்டா வந்திருக்காது. அந்த எஃபெக்டைத் தூக்கிவிடுங்கள். டேட்டா கைக்கு வரும்வரை பேரன்ட் 'லோடிங்' காட்டட்டும். வந்த பிறகு ஃபார்மை ரெண்டர் செய்து, வாடிக்கையாளர் ஐடியையே அதற்கு கீ (key, ரியாக்ட் ஒரு காம்பொனென்ட்டை அடையாளம் காணும் குறி) ஆகக் கொடுங்கள். ஆள் மாறினால் கீ மாறும், ரியாக்ட் பழைய ஃபார்மைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டும். ரீஃபெட்சில் ஐடி அதேதான், அதனால் அடித்தது அப்படியே இருக்கும். ஆனால் ரீஃபெட்ச் சமயத்தில் மறுபடி 'லோடிங்' காட்டினால் ஃபார்ம் கழன்றுவிடும், கவனம்.

பதில் 2: வார்னிங்குக்குக் காரணம், வேல்யூ முதலில் அன்டிஃபைன்டாக இருந்து பிறகு ஸ்ட்ரிங் ஆவது. ஏபிஐ நல் அனுப்பும் ஃபீல்டுகளுக்கு ?? '' போடுங்கள் (நல் அல்லது அன்டிஃபைன்டு என்றால் மட்டும் காலி ஸ்ட்ரிங் வரும்). || வேண்டாம், 0 என்ற உண்மையான மதிப்பையும் அது காலியாக்கிவிடும். செக்பாக்ஸுக்குக் கொடுக்க வேண்டியது வேல்யூ இல்லை, செக்டு (checked).

ஒரே ஆப்ஜெக்டில் எல்லா ஃபீல்டும் இருந்தால், ஆன்சேஞ்சில் (onChange, அடிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்) பழைய ஆப்ஜெக்டை ஸ்ப்ரெட் (... கொண்டு நகலெடுப்பது) செய்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கிளாஸ் காம்பொனென்ட் காலத்து செட்ஸ்டேட் மாதிரி ஹூக் தானாக மெர்ஜ் செய்யாது. மறந்தால் மற்ற ஃபீல்டெல்லாம் அன்டிஃபைன்டு, அதே வார்னிங் தலைகீழாக வரும். தொகை ஃபீல்டை ஸ்டேட்டில் ஸ்ட்ரிங்காகவே வைத்து, சப்மிட்டில் நம்பராக்குங்கள். ஆன்சேஞ்சிலேயே மாற்றினால், யூசர் எல்லாவற்றையும் அழித்ததும் 0 வந்து உட்காரும். டெக்ஸ்ட் இன்புட்டில் '12.' என்று அடித்தால் புள்ளி காணாமல் போகும்.

கேட்டவர்: டேட்டா வருகிறது, வார்னிங்கும் போய்விட்டது, நன்றி. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் கர்சர் வெளியே போய்விடுகிறது. லேபிளும் இன்புட்டும் சேர்ந்த சின்ன காம்பொனென்ட்டை ஃபார்ம் ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருக்கிறேன்.

பதில் 1: அதுதான் காரணம். ஒவ்வொரு ரெண்டரிலும் புது ஃபங்ஷன் பிறக்கிறது, ரியாக்ட் அதை வேறு காம்பொனென்ட் என்றே எடுத்துக்கொண்டு பழைய இன்புட்டைக் கழற்றிவிடுகிறது. ஃபைலின் மேல்மட்டத்துக்கு நகர்த்துங்கள். வேல்யூவும் ஆன்சேஞ்சும் ப்ராப்பாகப் போகட்டும். அப்புறமும் நடந்தால் கீயைப் பாருங்கள், அடிக்கும் மதிப்பையோ மேத் ரேண்டமையோ (Math.random, ஒவ்வொரு முறையும் வேறு எண்) கீ ஆக வைத்தாலும் இதே கதிதான்.